வயல் மொட்டையாகத் தெரியும் இருபது நாள்

மேட்டூர் அணை எந்தத் தேதியில் திறக்கும் என்பது காவிரி டெல்டாக்காரர் கையில் இல்லை. ஜூன் 12 என்பது கணக்கு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஐப்பசி மழையும் அப்படித்தான், அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியதா என்று சொல்லும் மீட்டரும் அப்படித்தான். இவ்வளவும் தெரிந்தே, "இந்தத் தடவ மாவுக்குப் பதினஞ்சு மூட்டை எடுத்தே தீரணும்" என்று வைகாசியில் இலக்கு வைக்கிறோம் (ஒரு மா என்பது 33 சென்ட்). வெள்ளாமை கவிழ்ந்தால் நாமே தோற்றுவிட்டதாக நொந்துகொள்கிறோம்.

மூட்டைக் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டுறவு வங்கிக் கடனுக்கு அது வேண்டும். ஆனால் மனதுக்கு வைக்கும் இலக்கு வேறாக இருக்கலாம். எந்த வயல், எந்த ரகம், எத்தனை நாள் நாற்று, எந்தத் தேதியில் களை என்பவை நம் கையில் இருப்பவை. இலக்கை அதில் வையுங்கள்.

அடுத்தது, அதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்ற கேள்வி. ஒற்றை நாற்று நடவு, அதாவது இளம் நாற்றை ஒவ்வொன்றாக இடம்விட்டு நடும் முறை, செய்யப்போகிறவரிடம் கேட்டால் நான்கு விதமாகப் பதில் வரும். மானியம் வருகிறது. பக்கத்து வயல்காரர் செய்துவிட்டார், நாம் செய்யாவிட்டால் மரியாதை போய்விடும். விதையும் தண்ணீரும் மிச்சமாகிறது, அது நமக்கு முக்கியம். பயிர் தூர் கட்டுவதை, அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டுப் பெருகுவதை, பார்க்கவே பிடிக்கும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் என்ற அமெரிக்க உளவியலாளர்களின் கோட்பாட்டில் முதல் இரண்டும் வெளியிலிருந்து தள்ளும் உந்துதல், பின் இரண்டும் சொந்த உந்துதல். ஷெல்டன், எலியட் என்ற உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி போகிறது: சொந்தக் காரணத்துக்காக எடுத்த இலக்கில் முயற்சி நீடிக்கிறது, எட்டிய பிறகு கிடைக்கும் நிறைவும் கூடுதல். அடுத்தவர் இலக்கை எட்டியவருக்கு அந்த நிறைவு அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

இந்த வித்தியாசம் வெளிப்படும் இடம் நடவு முடிந்த முதல் இருபது நாள்.

ஒற்றை நாற்று நடவை ஒரு மாவில் முயன்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகம் என்றால் விதை ஒரு கிலோ போதும். நாற்றங்கால் மூன்றில் ஒரு சென்ட். நாற்று 14, 15ஆம் நாளில், மூன்று இலைப் பருவத்தில், வேரில் மண்ணோடு எடுத்து, குத்துக்கு, அதாவது நடும் ஒவ்வோர் இடத்துக்கும், ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் சதுரத்தில் நட வேண்டும். கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டாலும் சரி, கோடு போடும் மார்க்கர் உருட்டினாலும் சரி. கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 20 குத்துகூட வராது. வழக்கமான குறுவை (ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் போகம்) நடவில் 15க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் 66 குத்து. ஆகவே வயல் மொட்டையாகத்தான் தெரியும். வரப்பில் போகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். "என்னண்ணே, நாத்து பத்தலையா?"

மானியத்துக்காகவோ மரியாதைக்காகவோ நட்டவர் இங்கேதான் ஆடிப்போகிறார். எட்டாம் நாளே மிச்ச நாற்றைக் கொண்டுவந்து இடையில் செருகுகிறார். சதுரம் கெடுகிறது, கையால் தள்ளிக் களை எடுக்கும் கோனோ வீடர் குறுக்கே ஓடாது, கைக்களைக்கு ஆள் விட வேண்டும், செலவு ஏறுகிறது. கடைசியில் "இந்த முறையே சரியில்ல" என்று முடிவாகிறது. முறையிலும் குறைகள் உண்டு. பள்ளத்து வயலில் தண்ணீர் வடியாவிட்டால் 14 நாள் நாற்று மூழ்கி அழுகும். கடைமடைச் சம்பாவுக்கு இதை எடுக்கவே வேண்டாம். ஆனால் மேட்டு வயலில் பம்ப்செட் குறுவையில் கெட்டுப்போனால் பெரும்பாலும் பொறுமை போனதுதான் காரணம்.

இதற்கு உளவியலில் ஓர் எளிய கருவி இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் விரிவாக எழுதியது: "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே கட்டிவைப்பது. "நல்லா பாத்துக்கணும்" என்ற பொதுவான உறுதியைவிட இது வேலை செய்கிறது. நட்ட பத்தாம் நாள் காலை டீக்கடைக்குப் போகும் முன் கோனோ வீடர் இரண்டு பக்கமும் ஓட்டுவேன். பிறகு 20, 30, 40ஆம் நாள்களிலும். மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டால் மட்டும் மடை திறப்பேன், இரண்டரை சென்டிமீட்டர் நின்றதும் அடைப்பேன். யாராவது மொட்டை என்றால், "முப்பதாம் நாளு வந்து தூர எண்ணிப் பாருங்க" என்பேன். ஐந்து குத்துக்குக் குச்சி நட்டு, 30, 45ஆம் நாள்களில் தூர் எண்ணிக் குறித்து வைத்தால், ஊர்ப்பேச்சுக்கு வெளியே நமக்கென்று ஓர் அளவுகோல் கிடைக்கும்.

மானியத்தைத் திட்டுவது என் நோக்கமில்லை. 1971இல் டெசி கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகள் கொடுத்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு நடுவில் மட்டும் காசு கொடுத்து நிறுத்தினார். அதன்பின் ஓய்வு நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொடுவது குறைந்தது. பாராட்டு அப்படிக் கெடுக்கவில்லை. ஆனால் இது பிடித்த வேலைக்குத்தான் பொருந்தும். வெயிலில் குனிந்து களை பறிப்பதை யாரும் ஆசைக்குச் செய்வதில்லை. அதற்குக் கூலி கொடுத்தால் எந்த ஆர்வமும் குறையாது. கூலி எப்படிக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம். மாவுக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசினால் வேகம்தான் லாபம், குத்துக்கு நான்கு நாற்று விழத்தான் செய்யும். ஒற்றை நாற்றுக்கு நாள் கூலி பேசுங்கள்.

சொந்த முடிவு என்றால் தனி முடிவு என்று பொருளில்லை. நம் வீடுகளில் அப்பாவைக் கேட்காமல் நாற்றங்கால் விடுவதில்லை, அது குறையும் இல்லை. தென்கொரியா, துருக்கி, ரஷ்யா, அமெரிக்கா என்று நான்கு நாடுகளில் செய்து 2003இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது இது: குடும்பம் சொன்ன வழியானாலும், மனம் ஒப்பிச் செய்கிறவர் நிறைவாக இருக்கிறார். ஆகவே படித்துவிட்டு வந்த மகனிடம் வயலை ஒப்படைக்கும்போது சொல்லும் முறையில் கவனம் வையுங்கள். "சொன்னத செய்டா" என்பதற்குப் பதிலாக ஏன் என்று சொல்ல வேண்டும், அதில் இருக்கும் சிரமத்தை மறைக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லைக்குள் தேர்வு விட வேண்டும். "கடன் இருக்கு தம்பி, பாதி நெலத்துல எப்பவும் போல சீஆர் 1009 நெல்லுதான். மேட்டு வயலு ஒரு மா ஒனக்கு, என்ன போடுறேங்கறது ஒன் இஷ்டம்." அவன் வயலுக்குப் போனவுடன் பின்னாலேயே போய் அவன் மடையைத் திருத்தாதீர்கள், அவ்வளவுதான்.

குறுவையைக் கைவிடும் தேதியும் தேர்வில் சேர்ந்ததே, இதை யாரும் யோசிப்பதில்லை. ஜூலை கடைசியில் நாற்று விட்டால் 110 நாள் ரகம் நவம்பர் நடுவில் அறுப்புக்கு வரும், அடைமழையில். அந்த நேரத்தில் முடிவெடுக்க உட்கார்ந்தால், "வெத வாங்கியாச்சு, உழவும் ஓட்டியாச்சு" என்ற எண்ணமே இழுத்துக்கொண்டு போகும். விதை வாங்கும் முன்பே காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கும் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இல்லையென்றால், அந்த மாவில் ஆறேழு கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதையுங்கள், கிடைக்கும் மழை ஈரத்தில். 45ஆம் நாள் பூக்கும்போது மடக்கி உழுதுவிட்டு, 135 நாள் ரகத்துக்குப் போகலாம்.