பதினாலு வரி

நவம்பர் 8
மழை. தபால்காரர் வரவில்லை.

நவம்பர் 10
வீட்டுக்காரர் இருந்த ராணுவ யூனிட்டிலிருந்து சுபேதார் சாப் போன் செய்தார். மலையாளி, தமிழ் நன்றாகவே வரும். "ஃபைல் மேலே போயிருக்கு மோளே." மேலே என்றால் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் மேலே ஒன்றைச் சொல்வார்.

நவம்பர் 13
அவர் இறந்ததற்குக் காரணம் இருதய நோய் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கேள்வி போட்டிருக்கிறார்கள். பணியால் வந்ததா? பணியால் முற்றியதா? இரண்டுக்கும் "இல்லை". நோய் வந்தது பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டையில்லாத இடத்தில், என்பது காரணம்.

ஆம் என்றிருந்தால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். இல்லையென்றால் சாதாரணம்: 10 வருஷத்துக்கு 50, அதன்பிறகு 30. அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். "எம்புள்ள உசுரை இப்படியா பங்கு போடுவாங்க" என்று எழுந்து போய்விட்டார்.

பணத்துக்குத்தான் அலைகிறாள் என்று ஊரில் பேச்சு. பணத்துக்கும்தான். பையன் ஏழாவது படிக்கிறான், காலேஜ் ஃபீஸை ஊரா கட்டும்? ஆனால் ராத்திரி தூங்க விடாதது அந்த "இல்லை".

நவம்பர் 14
அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியைத் துடைத்தேன். வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பெயர். ரேங்க்கை மட்டும் மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறார். சிப்பாய் என்ற எழுத்து அடியில் இன்னும் தெரிகிறது.

நவம்பர் 19
இருதய நோயில் போனால் கடைசி 14 நாள் என்னென்ன வேலை பார்த்தார் என்று யூனிட் எழுதித் தரவேண்டும். அதன் நகல் இன்று வந்தது. இங்கிலீஷில் ஒரே ஒரு தாள், நாளுக்கு ஒரு வரி.

1: காலை பி.டி., பிறகு ஸ்டோர். 2: அதேதான். 3, 4: இரவுக் காவல். 5: ஃபயரிங் ரேஞ்ச். இப்படியே போகிறது. 11: "நார்மல் டியூட்டி". அன்றைக்குத்தான் போனில், "கேம்ப்புக்கு டென்ட் ஏத்தினோம், இடது தோள் இழுத்துப் பிடிக்குது" என்றார். தைலம் தடவச் சொன்னேன், சிரித்தார். தாளில் டென்ட்டே இல்லை. 12, 13: மறுபடி இரவுக் காவல். வடக்கே டிசம்பர் குளிரில். 14: இரவுக் காவல். அதற்குக் கீழே கையெழுத்து, சீல்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தினமும் என்ன செய்தார் என்று எனக்கு வந்த ஒரே தாள் இதுதான். திட்டவும் மனசு வரவில்லை.

நவம்பர் 20
டென்ட் விஷயத்தைச் சுபேதார் சாப்பிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கூட யாரு தூக்கினாங்கன்னு பாக்கறேன்."

நவம்பர் 23
மேலத்தெரு ஓய்வுபெற்ற ஹவில்தார் மாமா வந்திருந்தார். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை விளக்கினார். சேரும்போது குறிக்கப்படாத நோய் பின்னால் வந்தால், பணியால் வந்ததாகத்தான் முதலில் கொள்ளவேண்டும். இல்லையென்றால் அதைக் காட்டவேண்டியது அவர்கள். அது ஊனமுற்றோர் ஓய்வூதிய வழக்கு, "ஆனா நமக்கும் பிடிமானம்மா" என்றார். சென்னையிலேயே ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறதாம்.

பல், காது, பாதம் வரை பார்த்துத்தானே எடுத்தார்கள். வெலிங்டனில் பயிற்சி முடித்து வந்தபோது ஆளே குதிரை மாதிரி இருந்தார் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். அப்புறம் சியாச்சின். அங்கே குண்டு கொன்றதைவிடக் குளிரும் பனிச்சரிவும் கொன்றதுதான் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கேயே விழுந்தால் ஒரு கணக்கு. இறங்கி வந்து சில வருஷம் கழித்து விழுந்தால்?

டிசம்பர் 2
போன வருஷம் இதே நாள்தான் அந்தத் தாளின் முதல் வரி. பி.டி., ஸ்டோர்.

டிசம்பர் 4
பையன் கேட்டான்: "டெல்லி போர் நினைவுச் சின்னத்துல அப்பா பேர் இருக்குமா?" 2019இல் திறந்தது. 25,000 பேருக்கு மேல் கல்லில் இருக்கிறது. சண்டையிலும் ராணுவ ஆபரேஷனிலும் போனவர்கள் பெயர் மட்டும்தான் என்றேன். "ஓ" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 7
கொடிநாள். ஆறாவது வரி.

பள்ளியில் பையனை மேடையேற்றி, "எல்லையில் உயிர்நீத்த வீரரின் மகன்" என்று மைக்கில் சொன்னார்களாம். "எல்லையில இல்ல சார்னு சொன்னேன்மா. சரி சரி போய் உக்காருன்னுட்டார்." முகம் சிவந்திருந்தது. சொன்னது சரிதான்டா என்றேன்.

டிசம்பர் 9
போன வருஷம் கொடியை மடித்துக் கையில் கொடுத்தார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். அன்றைக்கு யாரும் "இல்லை" சொல்லவில்லை.

டிசம்பர் 11
சுபேதார் சாப். டென்ட் ஏற்றிய பையன்கள் இரண்டு பேர் எழுதித் தரத் தயார். ஒருவன் லீவில் இருக்கிறான், வந்ததும் கையெழுத்து. அத்தையிடம் சொன்னேன். "அந்தப் பசங்களுக்குத் தொந்தரவு வந்துடாதே?" என்றார்.

டிசம்பர் 12
பதினோராவது வரி. மேல்முறையீட்டை மாமா எழுதிக் கொடுத்துவிட்டார். "நார்மல் டியூட்டி" என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டேன், அது கூடாதாம், வேறு நகல் எடுக்கவேண்டும். நாளைக்கு: ஜெராக்ஸ், நோட்டரி, இறப்புச் சான்று ஐந்து பிரதி, திதிக்கு ஐயரிடம் நேரம்