மக்காச்சோளச் சீமையில் ஒரு ஜூலை வாரம்

சிகாகோவிலிருந்து ஐ-55 நெடுஞ்சாலையில் தென்மேற்காக இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓட்டினால் ப்ளூமிங்டன் வந்துவிடும். அதோடு ஒட்டிக்கொண்டே நார்மல் என்ற ஊர். இல்லினாய் மாநிலத்தின் நட்டநடுவில் இருக்கும் இரட்டை ஊர். ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்கள் இங்கே கணிசம். கோடை வந்தால் அவர்கள் வீடுகளுக்கு அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து தங்குவார்கள். போனில் "32 டிகிரி" என்று பார்த்துவிட்டு, நம்ம மதுரை வெயிலுக்கு இது எவ்வளவோ தேவலை என்று நினைத்தே எல்லோரும் பெட்டி கட்டுகிறார்கள். இந்த ஊர்க் கோடையை வெப்பநிலையை வைத்துக் கணக்குப் போட முடியாது. பார்க்க வேண்டியது டியூ பாயின்ட்.

காற்றை எவ்வளவு குளிர வைத்தால் அதிலுள்ள ஈரம் துளியாகப் படிய ஆரம்பிக்குமோ, அந்த வெப்பநிலைதான் டியூ பாயின்ட். எந்த வானிலைச் செயலியிலும் "ஈரப்பதம்" என்பதற்குப் பக்கத்திலேயே இருக்கும். ஈரப்பத சதவீதம் நேரத்துக்கு நேரம் மாறி ஆளை ஏமாற்றும். விடியற்காலையில் 90 சதவீதம் காட்டினாலும் உடம்புக்குச் சுகமாக இருக்கும். மதியம் 55 காட்டும்போது சட்டை முதுகோடு ஒட்டும். டியூ பாயின்ட் அப்படி ஏமாற்றாது. அமெரிக்கக் கணக்கில், அதாவது ஃபாரன்ஹீட்டில், 55க்குக் கீழே இருந்தால் அருமையான நாள். 65 தாண்டினால் பிசுபிசுப்பு. 70 புழுக்கம். 75க்கு மேல் போனால் வெளிவேலையைத் தள்ளிப் போடலாம். ஜூலை நடுவில் இங்கே 80ஐத் தொடும் நாளும் உண்டு. அது செல்சியஸில் கிட்டத்தட்ட 27. சென்னைக் கடற்கரைக்கு நிகரான ஈரம். ஆனால் மதியத்துக்கு மேல் ஆறுதல் தரக் கடற்காற்று கிடையாது.

கடலே இல்லாத ஊருக்கு இத்தனை ஈரம் இரண்டு வழியாக வருகிறது. மெக்சிகோ வளைகுடாவுக்கும் இந்த ஊருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தாலும், தடுக்க ஒரு மலை இல்லை. தெற்குக் காற்று அடித்தால் வளைகுடா ஈரம் நேரே வந்து சேரும். இரண்டாவது, மக்காச்சோளம். ப்ளூமிங்டன் இருக்கும் மக்லீன் மாவட்டம் அமெரிக்காவில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்று. ஜூலையில் பயிர் ஆளுயரம் தாண்டி, பூட்டை விட்டு, பட்டுநூல் தள்ளும் சமயம். அப்போது ஒரு ஏக்கர் பயிர் ஒரு நாளில் 11,000 முதல் 15,000 லிட்டர் வரை நீரை இலை வழியாகக் காற்றில் விடும். அடிவானம் வரை அதே பயிர்தான். உள்ளூர்க்காரர்கள் இதைச் சோளத்தின் வியர்வை என்றே சொல்கிறார்கள்.

வடக்கேயும் கனடா வரை மலை கிடையாது. ஆகவே தெற்குக் காற்றும் வடமேற்குக் காற்றும் மாறி மாறி இந்தச் சமவெளியை ஆளும். ஒரு சுற்று முடிய ஐந்தாறு நாள், சில சமயம் ஒரு வாரம். ஒரு வாரம் தங்குகிறவர் பெரும்பாலும் முழுச் சுற்றையும் பார்த்துவிடுவார்.

சுற்றின் தொடக்கம் வடமேற்குக் காற்று. வானம் கழுவிவிட்டது போல் இருக்கும். பகலில் 27 டிகிரி செல்சியஸ், டியூ பாயின்ட் 13, விடிகாலையில் 14, 15 வரை இறங்கும். ஊர் சுற்ற வந்தவர்கள் வெளியே செய்ய நினைப்பதையெல்லாம் இந்த இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பழைய இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதையைப் பெயர்த்து அமைத்த கான்ஸ்டிடியூஷன் டிரெயில் இரண்டு ஊர்களையும் ஊடுருவிப் போகிறது. நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மேடு பள்ளமில்லாத பாதை. வடக்கே ஹட்சன் பக்கம் கோம்லாரா பூங்காவில் எவர்கிரீன் ஏரி இருக்கிறது. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது, தொப்பி அவசியம். ஏரிக்கரைப் புல்லில் நடந்து திரும்பினால் கணுக்காலிலும் முழங்காலுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வடாம், வத்தல் போட நினைக்கும் அம்மாக்களுக்கும் இந்த நாட்கள்தான். டியூ பாயின்ட் ஃபாரன்ஹீட்டில் 60க்குக் கீழே, வடமேற்குக் காற்று, மேகமில்லாத வானம் என்று மூன்றும் சேர்ந்தால் மெல்லிய அரிசி வடாம் இரண்டு நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். டியூ பாயின்ட் 72, 75 என்று நிற்கும்போது போட்டால் மேல்புறம் காய்ந்தது போலத் தெரியும், நடுவில் ஈரம் தங்கி மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். வெயில் எவ்வளவு சுள்ளென்று அடித்தாலும் இதே கதைதான், ஏனென்றால் ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடமில்லை.

காற்று தென்கிழக்குக்குத் திரும்பியதும் மாற்றம் தொடங்கும். உயரத்தில் மெல்லிய இழை மேகங்கள், முந்தைய இரவைவிட இளஞ்சூடான இரவு. அடுத்த நாள் காலையில் வீட்டு ஜன்னல் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்திருந்தால் வளைகுடாக் காற்று வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். காரிலும் இதுவே நடக்கும். முன்கண்ணாடியில் ஏசி காற்று படும் இடம் குளிர்ந்து வெளிப்பக்கம் புகைபோல் மூடும். உள்ளே துணியால் துடைத்துப் பயனில்லை. வைப்பரை ஒரு முறை போட்டுவிட்டு, ஏசி காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி முகத்துக்கோ காலுக்கோ திருப்பினால் போதும்.

பிறகு இரண்டு, மூன்று நாள் கடும் புழுக்கம். 34 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 26 டிகிரி டியூ பாயின்ட்டும் சேர்ந்தால் உடம்பு உணர்வது 43, 44. இரவிலும் 24க்குக் கீழே இறங்காது. ஆபத்து அந்த இரவில்தான். 1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலையால் 700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏசி இல்லாத, ஜன்னல் அடைத்த வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் அவர்களில் ஏராளம். இராத்திரியிலும் உடம்பு ஆற வழியில்லாமல் போனது அதற்குப் பெரிய காரணம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் மின்கட்டணத்தை நினைத்து இரவில் ஏசியை அணைக்க விடாதீர்கள். நடைப்பயிற்சி காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கட்டும். நம் ஊர் வழக்கப்படி மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் அகப்பட்டுக்கொள்வோம். ஜூலையில் சூரியன் மறையவே எட்டரை ஆகும். ஆறு மணி என்பது இங்கே சுள்ளென்ற வெயில் நேரம். வெளியில் இப்படி இருக்க, கடைகளிலும் அலுவலகங்களிலும் ஏசியை 21, 22க்கு வைத்திருப்பார்கள். ஒரு முழுக்கைச் சட்டை எப்போதும் பையில் இருப்பது நல்லது.

கிராமப்புறச் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. வயல் நடுவே செல்லும் குறுக்குச் சாலைச் சந்திப்புகள் சிலவற்றில் ஸ்டாப் பலகை இருக்காது. மே மாதத்தில் நான்கு பக்கமும் தெரிந்த அதே சந்திப்பு, ஜூலையில் இரண்டரை மீட்டர் பயிருக்குள் மறைந்திருக்கும். குறுக்கே வரும் வண்டி கடைசி நொடியில்தான் கண்ணில் படும். வேகத்தைக் குறைத்து, முன்பக்கத்தை மெல்ல நீட்டிப் பார்த்துத்தான் கடக்க வேண்டும்.

புழுக்கம் உச்சத்தில் இருக்கும் நாளில் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். தரையிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சூடான காற்றடுக்கு மூடிபோல் அழுத்திக்கொண்டிருப்பதால் மேகம் எழும்ப முடியாது. மேற்கிலிருந்து குளிர்க்காற்று முகப்பு நெருங்கி அந்த மூடியைத் திறக்கும்போது, நாட்கணக்கில் சேர்ந்த ஈரமெல்லாம் ஒரே மூச்சில் மேலே போகும். ஆகவே வெடித்தால் பெரிதாகத்தான் வெடிக்கும்.

அன்று காலையில் ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையத்தின் வரைபடத்தைப் பாருங்கள். அபாயத்துக்கு ஐந்து படிகள். இரண்டாம் படி என்றாலே காரைக் கொட்டகைக்குள் விடுவது நல்லது. மூன்றாவதுக்கு மாலைத் திட்டத்தை மாற்றலாம். உள்ளூர் எச்சரிக்கைகளை வெளியிடுவது லிங்கன் ஊரிலுள்ள தேசிய வானிலை அலுவலகம். அவர்களுடைய தளத்தில் முன்கணிப்பாளர்கள் எழுதும் விளக்கக் குறிப்பு ஒன்று ஒரு நாளில் பல முறை வரும். "எப்போது, எவ்வளவு நிச்சயம்" என்று வெளிப்படையாக எழுதுகிறார்கள். எந்தச் செயலியையும்விட அதையே நான் நம்புவேன்.

எச்சரிக்கையில் இரண்டு வகை. வாட்ச் என்றால் புயலுக்கான சூழல் கூடியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். பல மாவட்டங்களுக்குச் சேர்த்து, பல மணி நேரத்துக்கு வரும். வார்னிங் என்றால் வந்துவிட்டது, அல்லது ரேடாரில் தெரிகிறது. உடனே உள்ளே போக வேண்டும். மணிக்கு 93 கிலோமீட்டர் காற்று அல்லது 2.5 சென்டிமீட்டர் ஆலங்கட்டி என்ற அளவை எட்டும் இடிமழைக்கு வார்னிங் தருவார்கள். தெருவில் ஊதும் அபாயச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது. ஏசி ஓடும் மூடிய படுக்கையறையில் அது கேட்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. போனில் அவசர அறிவிப்புகளை இயக்கி, இரவில் அணைக்காமல் தலைமாட்டில் வையுங்கள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு ஊதினால் அது சோதனை. புதிதாக வந்த பெற்றோருக்கு முன்பே சொல்லி வைத்தால் பதற மாட்டார்கள்.

இரவில் என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊரில் வெப்ப இடிமழை சாயங்காலத்தோடு ஓயும். இந்தச் சமவெளியில் சூரியன் மறைந்தபின் ஒரு கிலோமீட்டருக்குள்ளான உயரத்தில் தெற்குக் காற்று வேகமெடுத்து, இரவு முழுக்க ஈரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். மாலையில் அயோவாவில் கிளம்பிய இடிமழை வரிசை நள்ளிரவு தாண்டி இங்கே வந்து சேர்வது சகஜம். அப்படிப்பட்ட வரிசையே நீண்டு வலுத்தால் டெரேச்சோ. 2020 ஆகஸ்ட் 10 அன்று பகலில் ஒன்று தெற்கு டகோட்டாவிலிருந்து ஒஹாயோ வரை சுமார் 1,240 கிலோமீட்டரைப் பதினான்கு மணி நேரத்தில் கடந்தது. அயோவாவின் சீடர் ராப்பிட்ஸில் காற்று மணிக்கு 225 கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். 2023 ஜூன் 29 அன்று இன்னொன்று மத்திய இல்லினாய் வழியாகவே போனது. ஸ்பிரிங்ஃபீல்டில் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன.

அப்படியொரு வரிசை வரும்போது அடிவானத்தில் ஒரு கரும்பட்டை தாழ்ந்து உருண்டு வரும். சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் அறையும். பத்து நிமிடத்தில் பத்து டிகிரி இறங்கிவிடும். படம் எடுக்கத் தோன்றும் நேரம் அதுதான், உள்ளே போக வேண்டிய நேரமும் அதுதான். பலத்த காற்று பெரும்பாலும் மழைக்கு முன்னாலேயே வந்துவிடும். பேஸ்மென்ட், அதாவது நிலத்தடி அறை, இருந்தால் அங்கே. இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத குளியலறை. விடுதியில் அறை எடுக்கும்போதே புகலிடம் எது என்று வரவேற்பில் கேட்டுவிடுங்கள். சாலையில் இருந்தால் பாலத்தடியில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும்.

குளியலறையில் போய் நிற்பதா என்று யோசிப்பவர்களுக்கு ரோனோக் ஊரைச் சொல்வேன். ப்ளூமிங்டனுக்கு வடமேற்கே, பக்கத்து வுட்ஃபோர்டு மாவட்டத்தில் இருக்கிறது. 2004 ஜூலை 13 அன்று எஃப்5 வரை போகும் அளவுகோலில் எஃப்4 வலிமையுள்ள டொர்னேடோ (சுழற்காற்று) அங்கிருந்த பார்சன்ஸ் தொழிற்சாலையைத் தரைமட்டமாக்கியது. உள்ளே சுமார் 140 பேர். அந்தத் தொழிற்சாலையைக் கட்டும்போதே கழிவறைகளை உறுதியான கான்கிரீட்டில் புகலிடங்களாகக் கட்டியிருந்தார்கள். எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் அங்கே போனார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

மறுநாள் பிரச்சினை தண்ணீர். கருப்பு மண், சமதரை. தண்ணீர் வடிய நேரமாகும். 2021 ஜூன் கடைசியில் கொட்டிய மழையில் ப்ளூமிங்டனில் பல வீடுகளின் பேஸ்மென்ட்டில் சாக்கடை நீர் திரும்பி மேலேறியது. பேஸ்மென்ட்டில் ஊறும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. புயலில் மின்சாரம் போகும் நேரத்தில்தான் அதன் தேவையும் அதிகம். பேட்டரி மாற்று இல்லாத வீட்டில் பேஸ்மென்ட்டில் படுக்கை போட்டிருந்தால், பெட்டி, கடவுச்சீட்டு, சார்ஜர் எதையும் தரையில் வைக்காதீர்கள். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள். சாலையில் ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். ஆழம் தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

பிறகு மீண்டும் வடமேற்குக் காற்று, நீல வானம், மாலையில் புல்வெளியெங்கும் மின்மினி. சில ஆண்டுகளாக இதில் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. கனடாவில் காடு எரிந்தால் அதே காற்று புகையைக் கொண்டுவரும். 2023 ஜூன் கடைசியில் சிகாகோவின் காற்று உலகப் பெருநகரங்களிலேயே மிக மோசமாக இருந்தது. வானம் பால்போல வெளுத்து, சூரியன் செம்பு நிறத்தில் தெரிந்தால் ஏர்நவ் தளத்தில் காற்றுத் தர எண்ணைப் பாருங்கள். 100க்கு மேல் என்றால் ஆஸ்துமாக்காரர்களும் முதியவர்களும் உள்ளே இருக்கட்டும். 150 தாண்டினால் எல்லோரும். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம். துணி முகக்கவசம் புகைத்துகளைத் தடுக்காது.

பெட்டியில் பருத்திச் சட்டைகள், தலைமூடியோடு ஒரு மெல்லிய மழைக்கோட்டு, ஈரம் பட்டாலும் காயும் செருப்பு, கொசு மருந்து. இந்த ஊர்க் காற்றில் குடை திருப்பிக்கொள்ளும், அதை விட்டுவிடலாம். திரும்பும் விமானம் சிகாகோ ஓஹேரிலிருந்து என்றால் காலை விமானமாகப் பாருங்கள். கோடை இடிமழை பிற்பகலிலும் மாலையிலும் சிகாகோவைத் தாக்கும்போது ஓடுபாதையே நின்றுபோய், அடுத்தடுத்த விமானங்களெல்லாம் தள்ளிப்போகும். நார்மலிலிருந்து சிகாகோவுக்கு ஆம்ட்ராக் ரயில் உண்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். கடும் வெப்ப நாட்களில் தண்டவாளம் விரிவதால் வேகத்தைக் குறைப்பார்கள். டியூ பாயின்ட் 75க்கு மேல் நிற்கும் வாரமாக இருந்தால் அடுத்த ரயிலை நம்பாமல் ஒரு ரயில் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.