மகஜரும் அதன் பின்னால் நிற்கும் மனிதரும்

திருகோணமலையில் மகஜர் கையளிப்பது அரிதான நிகழ்வன்று. மாவட்டச் செயலகத்துக்கோ ஆளுநர் செயலகத்துக்கோ ஏதோவொரு தரப்பினர் பதாகையோடு வந்து, கவனயீர்ப்புப் போராட்டமொன்றை நடத்தி, அதிகாரியொருவரின் கையில் தாளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு கலைந்து செல்வதை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். அந்தத் தாள்களில் எழுதப்படும் குறைகள் பெரும்பாலும் உண்மையானவை. ஆயினும் அவற்றுள் பல பதிலின்றியே போகின்றன. ஒப்பமிட்டவர்கள் மறுநாளும் ஓர் அமைப்பாக நிற்கிறார்களா என்பதை அதிகாரியும் முதலாளியும் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பதும், அவர்களுடைய பதில் அதைப் பொறுத்தே அமைகிறது என்பதும், தொழிலாளர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் பணியில் இத்தனை காலம் ஈடுபட்டதில் எனக்கு உறுதியான எண்ணங்கள்.

நமது நகரில் பெரிய வேலைத்தலமொன்றில் ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் துப்புரவு வேலை செய்யும் பெண்களின் விடயத்தை இங்கே எழுத விரும்புகிறேன். பாலையூற்றிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் அபயபுரவிலிருந்தும் வருகின்ற தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் அவர்கள். மாதச் சம்பளத்தில், ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று பணம் கழிக்கப்பட்டு வந்தது. ஆனால் அவர்களுள் ஒருவர் தொழில் திணைக்களத்துக்குச் சென்று விசாரித்தபோது, அவருடைய பெயரில் அந்தக் காலப்பகுதிக்கு எந்தப் பணமும் செலுத்தப்பட்டிருக்கவில்லை. அவர் தனியாகப் போய் ஒப்பந்தக்காரரிடம் கேட்டார். அடுத்த வாரமே அவருக்குக் கிடைத்துவந்த மேலதிக நேர வேலை நிறுத்தப்பட்டது.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் இந்த விடயத்தில் எவ்வித ஐயத்துக்கும் இடம் வைக்கவில்லை. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 சதவீதத்தைக் கழித்து, தொழில்தருநர் தன் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துச் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு மேலும் 3 சதவீதத்தைத் தன் கையிலிருந்தே கொடுக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி, நாட்கூலி என்ற வேறுபாடு இதில் கிடையாது. செலுத்தத் தவறியவரிடமிருந்து மேலதிகக் கட்டணத்தோடு அந்தப் பணத்தை நீதவான் நீதிமன்றத்தின் ஊடாக அறவிடும் அதிகாரம் தொழில் ஆணையாளருக்கு உண்டு. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அந்தப் பெண்களுக்கு ஆண்டுக்கணக்கில் அது எட்டாமலிருந்ததற்கு, ஒவ்வொருவரும் தனித்தனியே அச்சத்தில் வைக்கப்பட்டிருந்ததே காரணம்.

அவர்கள் முதலில் அனுப்பிய மகஜரில் எல்லாமே இருந்தன. கையுறை கிடைக்கவில்லை, மேற்பார்வையாளர் தகாத வார்த்தை பேசுகிறார், உடை மாற்ற இடமில்லை, சேமலாப நிதி செலுத்தப்படவில்லை, பண்டிகை முற்பணம் தரப்படவில்லை என்று நீண்ட அந்தத் தாள் ஜனாதிபதி முதல் பிரதேச செயலாளர் வரை பலருக்கு முகவரியிடப்பட்டிருந்தது. பல பேருக்கு அனுப்பப்படும் மகஜருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை எவரும் தம்முடையதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது மகஜரைத் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மட்டும் முகவரியிட்டோம். கோரிக்கை ஒன்றே ஒன்று: கழிக்கப்பட்ட பணமும் தொழில்தருநரின் பங்கும் உரிய கணக்குகளில் சேர்க்கப்பட வேண்டும். ஒவ்வொருவரும் வேலைக்குச் சேர்ந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கழிக்கப்பட்ட தொகை, சம்பளச் சீட்டின் பிரதி ஆகியவை பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டன. சம்பளச் சீட்டுத் தரப்படாத மாதங்களுக்கு அவர்கள் வைத்திருந்த வங்கிப் புத்தகத்தின் பக்கங்கள் உதவின. தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, அலுவலகத்தில் நேரில் கையளித்து, பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையைப் பெற்றுக்கொண்டோம். அதே நாளில் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். இவை சிறிய காரியங்களாகத் தோன்றலாம். ஆனால் "எங்களுக்கு அப்படியொரு கடிதம் வரவில்லை" என்ற ஒரு வசனத்தால் எத்தனையோ பேரின் உழைப்பு வீணாகியிருக்கிறது.

யாருடைய பெயர் முதலில் வருவது என்பதுதான் உண்மையான சிக்கலாக இருந்தது. முதல் ஒப்பமிட்டவரே தலைவி என்று கருதப்படுவார், அவரே முதலில் நிறுத்தப்படுவார் என்று அந்தப் பெண்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. இதற்குப் பழைய வழியொன்று உண்டு. பாய்மரக் கப்பல் காலத்துப் பிரித்தானியக் கடற்படையினர் கப்டனிடம் முறையிடும்போது, யார் தொடங்கினார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி வட்டமாக ஒப்பமிட்டார்கள்; 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த இந்தத் துறைமுக நகரில் அதை நினைவுகூர்வது பொருத்தமானது. நாங்களும் தாளின் நடுவில் கோரிக்கையை எழுதி, அதைச் சுற்றிப் பெயர்களை எழுதச் செய்தோம். எழுதத் தெரியாத மூத்த பெண்கள் பெருவிரல் அடையாளம் இட்டார்கள்.

மகஜர் போய்ச் சேர்ந்த பிறகு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து ஒரு சமூகத்தைச் சேர்ந்த பெண்களை மட்டும் அழைத்து, உங்களுக்கு நிலுவையைத் தந்துவிடுகிறோம், பெயரை மீளப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். மூன்று சமூகத்தவரும் ஒரே வாசலால் வேலைக்குப் போகும் இந்த மாவட்டத்தில் இந்த உத்தி எத்தனையோ தடவை வெற்றி பெற்றிருக்கிறது. போர்க்காலத்தின் பிரிவினையை முதலாளிமார் இலாபமாக மாற்றிக்கொண்ட வரலாறு இங்கே நீளமானது. அந்தப் பெண்கள் மறுத்துவிட்டார்கள். விசாரணைக்கு அழைக்கப்பட்ட நாட்களில் வேலைக்குப் போக முடியாதவர்களின் நாட்சம்பளத்தை மற்றவர்கள் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்த மறுப்பும் அந்தப் பகிர்வும் இல்லாதிருந்தால் எந்தச் சட்டப் பிரிவும் அவர்களைக் காப்பாற்றியிராது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இறுதியில் ஒப்பந்தக்காரர் நிலுவையைத் தவணை முறையில் செலுத்த எழுத்தில் ஒப்புக்கொண்டார்.

கலையாமல் ஒன்றாக நிற்பதன் பலனுக்குத் தொழிலாளர் பிரச்சினைக்கு அப்பாலும் இந்த மாவட்டம் சான்று தருகிறது. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தபோது, அவர்களுடைய காணியில் ஒரு பகுதி முதலீட்டு வலயத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. மாற்றுக் காணி தருகிறோம் என்ற வாக்குறுதியை ஏற்றுக் கலைந்து போகாமல், சொந்த மண்ணையே கேட்டு அவர்கள் நின்றார்கள். 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அதே சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையத்துக்கு எதிராக மக்களின் ஆர்ப்பாட்டமும் உயர் நீதிமன்ற மனுவும் ஒரே காலத்தில் நடந்தன. அந்தத் திட்டம் அங்கே நடைமுறைப்படுத்தப்படாது என்று 2016 செப்டெம்பரில் அரசு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. தெருவில் நின்றவர்களும் மனுவை எழுதியவர்களும் ஒருவருக்கொருவர் தேவைப்பட்டார்கள்.

நாடளாவிய அளவில் 2011 ஐ நான் மறப்பதில்லை. தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. அந்த வெற்றியின் விலை ஓர் உயிர் என்பதைச் சொல்லாமல் அதை வெற்றி என்று எழுத என்னால் முடியாது.

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர் பலர் கட்சி அரசியல் என்று ஒதுங்குகிறார்கள். இலங்கை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள சுதந்திரத்தை அடிப்படை உரிமையாக வைத்திருக்கிறது. ஏழு உறுப்பினர் இருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வேலைத்தலத்தில் 40 சதவீதத்தினர் உறுப்பினராக உள்ள சங்கத்தோடு பேச மறுப்பதும், சங்கத்தில் சேர்ந்தமைக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்வதும் 1999 ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டத்தின்படி நியாயமற்ற தொழில் நடைமுறைகள். வேலைநீக்கம் செய்யப்பட்டவர் தொழில் நியாயசபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாமல் ஏழாவது மாதத்தில் என்னிடம் வந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகையால் சங்கம் அமைக்கப் போகிறவர்கள் முதலில் இந்தக் கால எல்லையை எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

சேமலாப நிதி விடயம் முடிந்த பிறகு அந்தப் பெண்கள் அடுத்த கேள்விக்கு வந்திருக்கிறார்கள். அது கடினமான கேள்வி. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து ஆண்டு சேவையை முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வேலையை விட்டுச் செல்லும்போது, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் கிடைக்க வேண்டும். ஆனால் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரப்படும் ஒவ்வொரு தடவையும் ஒப்பந்தக்காரர் மாறுகிறார்; அதே பெண், அதே தரையை, அதே வாளியோடு கழுவுகிறார், ஆனால் கடதாசியில் அவருடைய சேவை மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. இருபது ஆண்டு உழைத்தவர் பணிக்கொடை ஏதுமின்றி வீட்டுக்குப் போகிறார். இதைச் சட்டமீறல் என்று சொல்லித் தொழில் அலுவலகத்தின் கதவைத் தட்ட முடியாது. ஒப்பந்தத்தை வழங்கும் நிறுவனமே புதிய ஒப்பந்தத்தின் நிபந்தனையாகப் பழைய சேவையை ஏற்கச் செய்ய வேண்டும், அல்லது சட்டம் திருத்தப்பட வேண்டும்.

எனவே இம்முறை இரு வேலைகள் ஒன்றாகத் தொடங்கப்பட்டுள்ளன. துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு விடும் அரச நிறுவனங்களுக்கு 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் அனுப்பி, ஒரு தொழிலாளிக்கென்று ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்படும் தொகை எவ்வளவு, ஒப்பந்த நிபந்தனைகள் எவை என்று கேட்கிறோம். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டிருக்கையில், ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்படும் தொகைக்கும் பெண்களின் கைக்கு வருவதற்கும் இடையிலான வேறுபாடு எழுத்தில் வெளிவர வேண்டும். மற்றது, மூதூரிலும் கந்தளாயிலும் இதே வேலையைச் செய்பவர்களையும் சேர்த்துச் சங்கமொன்றைப் பதிவு செய்வது. யாப்பின் முதல் வரைவைத் தமிழிலும் சிங்களத்திலும் அந்தப் பெண்களே வாசித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். சந்தாத் தொகை எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.