பாய்மரக் கப்பல் பயிற்சி: மரம் ஏறுவதைவிடப் படிவம்தான் பெரும்பாடு

விண்ணப்பம், பணம், தேதி எல்லாம் தடையில்லாமல் முடிந்தன. மருத்துவப் படிவத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மருத்துவர் கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்தார். உயரத்தில் ஏறத் தகுதி உண்டா என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டார். அலுவலகத்துக்காரரோ படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும் நேரம் நெருங்கியபோதுதான் 'முழுமையாக இல்லை' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பினார். எந்தக் கட்டம் என்றுகூடச் சொல்லவில்லை. மறுபடியும் அதே வரிசை, அதே காத்திருப்பு. மருத்துவர் அறையிலேயே ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 18 வயது ஆகாதவர்கள் பெற்றோர் ஒப்புதலையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டவே வேண்டாம், வைக்க இடம் இருக்காது. சுருட்டி வைக்கிற துணிப்பை போதும். குமட்டல் மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு எதுவும் வயிற்றில் தங்காது.

நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். நள்ளிரவு 12 முதல் 4 வரை உங்கள் முறை வரட்டும், அப்புறம் பேசலாம். பாய் மாற்ற எல்லோரையும் கூப்பிட்டால் அந்த ஓய்வும் போச்சு. தலைவிளக்கில் சிவப்பு வெளிச்சம் இருக்க வேண்டும். வெள்ளையைப் போட்டால் இருட்டுக்குப் பழகிய கண்கள் அத்தனைக்கும் கேடு, திட்டு நிச்சயம்.

பாய்மரத்தில் காற்று வரும் பக்கமாக ஏறினால் காற்றே நம்மைக் கயிற்றேணியோடு அழுத்திப் பிடிக்கும். கையால் பிடிக்க வேண்டியது நெட்டு வடத்தை. குறுக்குப் படிக்கயிறு அறுந்தாலும் அறுந்துவிடும். மேலே குறுக்குமரத்தின் கீழ் தொங்கும் மிதிகயிற்றில் கால் வைக்குமுன் குரல் கொடுப்பது வழக்கம். எனக்கு அடுத்து வந்தவன் வாயே திறக்காமல் மிதித்தான். கயிறு திடுக்கென்று இழுபட, நான் பாயைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். பாதுகாப்பு வாரின் கொக்கி மாட்டியிருந்தது, பிழைத்தேன். மரியாதை பார்க்காமல் திட்டினேன்.

சுக்கான் பிடிப்பதில் எல்லோருக்கும் வரும் தொல்லை ஒன்றுதான்: கப்பல் தாமதமாகத்தான் திரும்பும், நாமோ பொறுமை இழந்து இன்னும் சுழற்றுவோம். திசைகாட்டி முள்ளையே பார்க்காமல் தொலைவில் ஒரு மேகத்தையோ நட்சத்திரத்தையோ குறிவைத்து, கொஞ்சமாகத் திருப்பிக் காத்திருங்கள். அதைப் பிடித்துக்கொண்ட பிறகு பின்னால் நுரைத்தடம் ஓரளவு நேராக வந்தது. எந்நேரமும் குறை சொல்லும் மேலாள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தேநீர் குடிக்கப் போனார்.