மதிப்பெண் இடுவதற்கு ஓர் இடம்

அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்குத் திரும்பி வரும் ஜனவரி மாதத்தில், தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடி வகுப்பில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழும். இந்த ஆண்டு அதைக் கேட்டவன் காசிமேட்டிலிருந்து வரும் ஒரு மாணவன். "விடை சரியாத்தானே மிஸ் இருக்கு, அஞ்சு மார்க் கேள்விக்கு ஏன் ரெண்டு மட்டும் போட்டிருக்காங்க?" என்று கேட்டுத் தாளை நீட்டினான். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது. அந்தக் கணக்கை உண்மையாகவே புரிந்துகொண்டு செய்தவன் அவன் என்பது எனக்குத் தெரியும் என்பதால், அவனுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

வினா இதுதான்: கடலில் 60 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு படகுகள் இருக்கின்றன, உச்சியிலிருந்து பார்க்கும்போது அவற்றின் இறக்கக்கோணங்கள் 30°, 45° எனில், படகுகளுக்கு இடையே உள்ள தொலைவு என்ன? அவன் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: 60 × 2.732 = 163.92. விடை சரிதான். ஆனால் அந்த 2.732 எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பக்கத்தில் எங்குமே காண முடியவில்லை. அது அவன் மனத்துக்குள் நடந்த வேலை. அவன் மனம் காசிமேட்டில் இருக்கிறது. தாளோ முன்பின் அறியாத ஓர் ஆசிரியரின் மேசைக்குப் போய்விட்டது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் மையங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்ற முறையில், அந்த மேசையைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தவறாமல் சொல்வேன். காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு எனத் தாள்கள் வரும். எழுதியவரின் பெயரோ பள்ளியோ தெரியாது. கையில் விடைக்குறிப்பு இருக்கும். நாம் திருத்தியதை முதன்மைத் தேர்வாளர் எடுத்துப் பார்ப்பார், கூட்டலையும் விடுபட்ட பக்கங்களையும் வேறொருவர் சரிபார்ப்பார். அந்த விடைக்குறிப்பு ஐந்து மதிப்பெண்ணை ஒரே கட்டியாக வைத்திருப்பதில்லை, படிநிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. திருத்துபவர் ஒவ்வொரு படிநிலையையும் தாளில் தேடுகிறார். கண்ட இடத்தில் மதிப்பெண்ணை இடுகிறார். காணாத இடத்தில் இட அவருக்கு உரிமை இல்லை. மதிப்பெண் தரக்கூடாது என்று யாரும் அந்த மேசையில் உட்காருவதில்லை. தருவதற்கான இடத்தைத் தேடித்தான் நாங்கள் அந்த ஏப்ரல் வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் படகுக் கணக்கை நான் ஐந்தாகப் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். கொடுத்த அளவுகள் அனைத்தும் குறிக்கப்பட்ட படத்துக்கு ஒன்று; 45° உள்ள செங்கோண முக்கோணத்தில் டேன் 45° = 60 ÷ முதல் தொலைவு என்று எழுதி, அத்தொலைவு 60 மீ எனக் காண்பதற்கு ஒன்று; மற்ற முக்கோணத்தில் டேன் 30°-ஐப் பயன்படுத்தி 60√3 மீ எனக் காண்பதற்கு ஒன்று; இரண்டையும் கூட்டி 60(√3 + 1) என்று எழுதுவதற்கு ஒன்று; √3-இன் மதிப்பை இட்டு 163.92 மீ என்று அலகோடு முடிப்பதற்கு ஒன்று. இவற்றை எழுத ஏழெட்டு வரிகளே ஆகும். அதை எழுதாததால் அவன் இழந்தது மூன்று மதிப்பெண்.

படத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பாடத்தில் பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான். இறக்கக்கோணம் என்பது பார்ப்பவரின் கண்மட்டத்தில் உள்ள கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்கப்படுவது. ஆகவே உச்சியின் வழியாக முதலில் ஒரு கிடைக்கோட்டை வரைந்து, 30°-ஐ அங்கே குறித்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் படகு இருக்கும் முனையிலும் அதே 30°-ஐக் குறிக்க வேண்டும். இதைச் செய்யாமல், கலங்கரை விளக்கத்தின் செங்குத்துக் கோட்டோடு 30°-ஐச் சேர்த்துவிட்டால், 60√3-க்குப் பதிலாக 60 ÷ √3, அதாவது ஏறத்தாழ 34.64 மீ வந்து நிற்கும். அப்படித் தவறியவரும் படிகளை எழுதியிருந்தால், பிழை எந்த வரியில் நுழைந்தது என்பது திருத்துபவருக்குத் தெரியும். சரியாக உள்ள மற்றப் பகுதிக்கு உரியதை அவர் தருவார். வெறும் எண்ணை மட்டும் எழுதியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இன்னொரு பழக்கத்தை நான் வகுப்பில் விடாமல் திருத்துகிறேன். அதே கணக்கில் பலரும் 60 × 1.732 = 103.92 + 60 = 163.92 என்று ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். சமக்குறி என்பது அதன் இடமும் வலமும் ஒன்றே என்று சொல்லும் குறி. 60 × 1.732 என்பது 163.92-க்குச் சமமாகாது. 'அடுத்து இதைச் செய்தேன்' என்ற பொருளில் சமக்குறியைப் போடுவது பேச்சில் 'அப்புறம்' என்று சொல்வதைப் போன்றது. கணிதத்தில் அது பொய்யான கூற்று. பரிவுள்ள ஆசிரியர் அதைக் கடந்து போகலாம். ஆனால் மேல்நிலை வகுப்பில் சமன்பாடுகளைக் கையாளும்போது அந்தப் பழக்கமே குழியில் தள்ளும். ஒரு வரியில் ஒரு கூற்று, சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே நேர்கோட்டில், வரிக்கு வரி மாறுவது ஒரே ஒரு செயல் என்று எழுதினால், எழுதுபவரின் கண்ணுக்கே பிழை முதலில் புலப்படும்.

ஒரு மதிப்பெண் வினாக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வினாத்தாளிலேயே அ, ஆ, இ, ஈ என்ற குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக இருந்தால் மதிப்பெண் போய்விடும். கணிதத்தில் அப்படி 14 வினாக்கள் இருக்கின்றன.

செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண் கொண்டவை. இங்கே தாளே சாட்சி. 3 செ.மீ ஆரமுள்ள வட்டத்துக்கு, மையத்திலிருந்து 5 செ.மீ தொலைவில் உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும்போது, மையக்குத்துக்கோட்டுக்காகப் போட்ட வில்களைச் சிலர் 'அழகு கெடுகிறது' என்று ரப்பரால் அழித்துவிடுகிறார்கள். அந்த வில்கள்தாம் கவராயத்தைப் பயன்படுத்தியதற்கான சான்று. அவை இல்லாவிட்டால் அளவுகோலை வைத்துக் கண்ணால் மதிப்பிட்டு வரைந்த கோட்டுக்கும் முறையாக வரைந்த கோட்டுக்கும் வேறுபாடு தெரியாது. உதவிப்படம், அளவுப்படி வரைந்த படம், வரைமுறைப் படிகள், இறுதியில் 5-இன் வர்க்கத்திலிருந்து 3-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டு தொடுகோட்டின் நீளம் 4 செ.மீ எனச் சரிபார்த்தல் ஆகிய நான்கும் தாளில் இருக்க வேண்டும். வரைபடத்தில் அளவுத்திட்டத்தை மூலையில் எழுதுதல், மதிப்பு அட்டவணையைத் தருதல், பரவளையத்தைப் புள்ளிக்குப் புள்ளி அளவுகோலால் இணைக்காமல் கையால் வளைவாக வரைதல், வளைவின் அருகே அதன் சமன்பாட்டை எழுதுதல், தீர்வைத் தனி வரியில் சொல்லுதல் ஆகியவற்றில் எது விடுபட்டாலும் அது நன்றாகத் தெரிந்த பிள்ளையின் கவனக்குறைவாகவே இருக்கும். அதனால்தான் மனம் வலிக்கிறது.

அறிவியலுக்கு எழுத்துத் தேர்வில் 75 மதிப்பெண். இரண்டு, நான்கு, ஏழு என வினாக்கள் வளரும்போது விடையின் அமைப்பும் வளர வேண்டும். இயற்பியல் கணக்கை எடுத்துக்கொள்வோம்: 5 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் திசைவேகம் 4 விநாடியில் 2 மீ/வி-யிலிருந்து 10 மீ/வி ஆகிறது எனில், செயல்பட்ட விசை என்ன? கொடுக்கப்பட்டவற்றை முதலில் எழுதி, விசை = நிறை × முடுக்கம் என்ற தொடர்பை எழுதி, முடுக்கம் 2 மீ/வி² என்று கண்டு, பிறகு 10 நியூட்டன் என்று முடிக்க வேண்டும். வெறும் 10 என்பது விசையா, நிறையா, நேரமா என்பதை அலகுதான் சொல்கிறது. விடைக்குறிப்பில் அலகுக்கென்று அரை மதிப்பெண் ஒதுக்கப்படுவது பெரும்பாலும் வழக்கம். அதை வெறும் சடங்கு என்று எண்ணுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வட சென்னையில் பிறந்த பிள்ளைகளின் வீட்டில் மீனைக் கிலோவிலும் கூடையிலும் வேறு வேறு விலையில் விற்பார்கள். எண் மட்டும் சொன்னால் வியாபாரம் நடக்காது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

வேதிச் சமன்பாடு சமன்செய்யப்பட்டிருக்க வேண்டும். வாயு வெளியேறினால் மேல்நோக்கிய அம்புக்குறியும் வீழ்படிவு உண்டானால் கீழ்நோக்கிய அம்புக்குறியும் வேண்டும். சூடாக்குதல், வினையூக்கி போன்ற நிபந்தனைகளை அம்பின்மேல் எழுத வேண்டும். ஒளியியலில் கதிர்ப்படம் வரையும்போது அம்புக்குறி இல்லாத கோடு கதிராகாது. உயிரியலில் நியூரான் படத்தை எவ்வளவு அழகாக நிழலிட்டாலும், சைட்டான், டென்ட்ரைட்டுகள், ஆக்ஸான் என்று பாகங்களைக் குறிக்காவிட்டால் அது ஓவியமாகவே நின்றுவிடும். பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் ஒரே பக்கமாகச் செல்வது நலம்.

வேறுபடுத்தும் வினாவில் ஒரு நுட்பம் உண்டு. தமனிக்கும் சிரைக்கும் வேறுபாடு எழுதும்போது, இடப்பக்கம் 'தடித்த சுவர் உடையது' என்று எழுதிவிட்டு, அதற்கு நேராக வலப்பக்கம் 'இதயத்தை நோக்கி இரத்தத்தைக் கொண்டுசெல்கிறது' என்று எழுதினால், இரண்டு கூற்றுகளும் உண்மையாக இருந்தும் அங்கே ஒப்பீடு நிகழவில்லை. சுவருக்கு நேராகச் சுவரும், ஓட்டத்தின் திசைக்கு நேராகத் திசையும் வர வேண்டும்.

வண்ண மைகளையும் பூவேலைகளையும் நான் ஊக்குவிப்பதில்லை. எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை, படத்துக்குப் பென்சில் என்று வினாத்தாளே சொல்லிவிடுகிறது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்க வேண்டும் என்றும் நான் கேட்பதில்லை. எங்கள் வகுப்புக்கு வரும் பலரின் வீடு ஒரே அறை கொண்டது. தொட்டில் ஒரு மூலையிலும் தொலைக்காட்சி மறுமூலையிலும் இருக்க, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதிப் பழகிய கை அது. அந்தக் கை சாய்வாக எழுதினாலும் வினா எண்ணை ஓரத்தில் தெளிவாக எழுத முடியும், ஒரு விடைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு விரற்கடை இடம் விட முடியும், தவறான பகுதியை ஒரே கோட்டால் அடித்துவிட்டுத் தொடர முடியும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டிலேயே ஒருவர் இருப்பார். இங்கே யாராவது சொன்னால்தான் உண்டு. தெரிந்த பாடத்துக்கு உரிய மதிப்பெண் தாளிலேயே தங்கிவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகவே சென்ற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு மணி நேரம் எழுதிய பிறகு தாள்களைப் பெயரின்றி மாற்றிக் கொடுத்து, நான் எழுதிய விடைக்குறிப்பை ஆளுக்கு ஒன்றாகத் தந்து, அவர்களையே திருத்தச் சொல்கிறேன். முதல் ஞாயிறன்று மாடியில் பெரும் சலசலப்பு எழுந்தது. கொருக்குப்பேட்டைப் பெண் ஒருத்தி பத்து நிமிடம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது எந்தக் கேள்விக்குப் பதில்னே தெரியலை மிஸ், எப்படி மார்க் போடறது?" என்று கேட்டாள். அது அந்தப் படகுக்காரப் பையனின் தாள். தொடர்புடைய சமன்பாட்டை எழுதியிருந்தான், படத்தையும் வரைந்திருந்தான், வினா எண்ணைப் போட மறந்திருந்தான். இறுதி வரியில் 'மீ' இல்லை. அவன் தன் தாளை அடையாளம் கண்டுகொண்டு அவளிடம் அரை மதிப்பெண்ணுக்காக வாதாடினான். அவள் விடைக்குறிப்பில் அந்த வரியை விரலால் சுட்டிக்காட்டி, தர மறுத்துவிட்டாள். நான் குறுக்கிடவில்லை. அடுத்த ஞாயிறு அவன் தாள் வேறொருவனிடம் போனது. வினா எண்கள் ஓரத்தில் பெரிதாக இருந்தன, விசைக் கணக்கின் கடைசி வரியில் 'நியூட்டன்' என்ற சொல்லைச் சுருக்காமல் முழுதாக எழுதிக் கட்டம் போட்டிருந்தான்.