கரையில தூங்குற பசங்க

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல பார்த்த முதல் விஎல்சிபிசி மீட்டிங்குக்கு வந்தது 4 பேர், தீர்மான நோட்டுல கடைசியில இருந்த கையெழுத்து 13. மிச்ச 9 கையெழுத்தையும் நான்தான் பைக்க எடுத்துக்கிட்டு ரேஷன் கடை, ஏலக்கூடம், சர்ச் வாசல்னு அலைஞ்சு வாங்கினேன். நர்ஸம்மா ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போட்ட கையோட போட்டாங்க. வலை பொத்திக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் என்ன ஏதுன்னே கேக்கல, "எந்த எடத்துலய்யா"ன்னு மட்டும் கேட்டு போட்டுட்டு "லோன் எப்ப வரும்"னாரு. அவர் மேல தப்பு இல்ல, அந்த ஊருக்கு நோட்டு தூக்கிட்டு வந்தவன் எல்லாம் லோன் விஷயமாத்தான் வந்திருக்கான்.

விஎல்சிபிசின்னா கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. 2009ல வந்த ஐசிபிஎஸ், அதாவது ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தோட கடைக்கோடி வேர் இது, இப்ப திட்டத்துக்கு மிஷன் வாத்சல்யான்னு பேர் மாறிடுச்சு. ஊராட்சித் தலைவர்தான் குழுத் தலைவர், கூட எச்எம், அங்கன்வாடி டீச்சர், நர்ஸம்மா, மகளிர் குழுவுல இருந்து ஒரு ஆள், ஊர்ப்பெரியவங்க, ரெண்டு பசங்க. 3 மாசத்துக்கு ஒருக்க கூடணும். யாருக்கும் இதுக்குன்னு சம்பளம் கிடையாது, டீ வடை கூட பல நேரம் எச்எம் கைக்காசுதான். நான் ராமநாதபுரம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல காண்ட்ராக்ட் ஸ்டாஃபா இருந்தேன், உச்சிப்புளியில இருந்து மண்டபம் வரைக்கும் கடற்கரை கிராமங்கள் என் லைன். 2018ல சேர்ந்தப்ப உள்ளாட்சித் தேர்தலே நடக்காம கிடந்ததால எந்த ஊர்லயும் தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். 2025 ஜனவரியில தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சு மறுபடி தனி அலுவலர் வந்தாங்க, அந்த வருஷமே நானும் வேலைய விட்டேன். ஆக நான் வரும்போதும் குழுவுக்கு தலைவர் இல்ல, போகும்போதும் இல்ல. ஆனா இந்த குழு நடக்குறதுக்கும் தலைவர் இருக்குறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்லன்னு அந்த 7 வருஷத்துல புரிஞ்சுபோச்சு.

இந்தப் பக்கம் தெரியாதவங்களுக்கு ஒன்னு சொல்லிடுறேன். ராமேஸ்வரம் ரோட்டுக்கு வடக்கால இருக்குறது பாக் விரிகுடா, ஊர்ல அதை வடகடல்ம்பாங்க. தெக்கால மன்னார் வளைகுடா, தென்கடல். வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு தடைக்காலம், மீன் குஞ்சு பொரிக்கிற நேரம். 2017க்கு முன்னாடி இது 45 நாளா இருந்துச்சு. இந்த 61 நாளும் ஸ்கூல் கோடை லீவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வருது. அப்பன் தொழில் இல்லாம கரையில, மகன் ஸ்கூல் இல்லாம கரையில, வீட்டுல பணம் இல்ல, நடுவுல 10ஆம் வகுப்பு ரிசல்ட் வேற. எங்க ஆபீஸ்ல எல்லா வருஷமும் விழிப்புணர்வு பேரணி நவம்பர்ல வைப்பாங்க, குழந்தைகள் தினத்துக்கு. நவம்பர்ல ஒரு பயலும் கெட்டுப்போகல சார், மே மாசம் வாங்கன்னு நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துட்டேன், பேரணிக்கு பேனர் அடிக்கிற பட்ஜெட் நவம்பர்லதான் வரும்னுட்டாங்க.

மே மாசம் என்ன நடக்கும்னா, அட்டை நடக்கும். கடல் அட்டைங்குறது கடலடியில கெடக்குற ஒரு ஜந்து, 2001ல இருந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் பட்டியல்ல இருக்கு, யானை புலி இருக்குற அதே பட்டியல், புடிபட்டா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரை. ஆனா கடலுக்கு அந்தப் பக்கம் அதுக்கு நல்ல விலை. அவிச்சு காயவச்ச அட்டைய சாக்குல கட்டி ராத்திரியோட ராத்திரியா கரைக்கு கொண்டு வரணும், அங்க படகு நிக்கும். அந்த சாக்கைத் தூக்குறதுக்கு பெரிய ஆளு வரமாட்டான், அவனுக்கு ஜெயில் பயம். 15, 16 வயசுப் பயலுவளக் கூப்பிட்டா ஒரு நடைக்கு ஆயிரம் ரூவா, கேள்வி கேக்காம வருவான். அட்டை தூக்குனவனுக்கு அடுத்து பீடி இலை, அதுக்கு அடுத்து கஞ்சா, சாக்கு அதே சைஸ்தான், உள்ள இருக்குறது மட்டும் மாறும், அவனுக்கு அது தெரியவும் தெரியாது.

2023 தடைக்காலம். தென்கடல் பக்கம் ஒரு ஊர். குழுவுல மகளிர் குழு சார்பா ஒரு பாசி அக்கா இருந்தாங்க, கடல்பாசி எடுக்கத் தண்ணியில எறங்குறவங்க, விரல்ல துணியச் சுத்தி கண்ணுக்கு கண்ணாடி மாட்டிக்கிட்டு விடியமுன்ன போயிருவாங்க. இவங்க மாசத்துல 12 நாள்தான் பாசிக்கு போறதுன்னு அவங்களாவே கட்டுப்பாடு வச்சுக்கிட்டவங்க, அரசாங்கம் சொல்லி வச்சது இல்ல. மீட்டிங்ல அந்த அக்கா வாயத் தொறந்து நான் பார்த்ததே இல்ல. அன்னிக்கு எல்லாம் முடிஞ்சு நான் பைக்க ஸ்டார்ட் பண்ணும்போது கிட்ட வந்தாங்க.

"தம்பி, ஒன்னு சொல்றேன், நோட்டுல எழுதிக்கிறாதீக. நாங்க பாசிக்கி போற நேரம் மூணு நாலு பயலுக மட்டைப் பந்தலுக்கு கீழ தூங்குறானுக. வீடு அந்தா ரெண்டு எட்டுல இருக்கு, வீட்டுல படுக்காம கரையில ஏன் படுக்கணும்? காலெல்லாம் கருவமுள்ளு கீறலு. கிட்ட போனா அட்ட அவிச்ச வாடை. அதுல ஒருத்தன் நம்ம ஆளுதான், 10ல கணக்குல போயிருச்சே அந்தப் புள்ள."

இதுதான் அந்த குழு அந்த வருஷம் செஞ்ச வேலையிலயே பெரிய வேலை, இது மினிட்ஸ்ல இல்ல. போலீசுக்கு தெரியாது, எனக்கு தெரியாது, அந்தப் பையனோட அம்மாவுக்கே அவன் பந்தல்ல பிரண்ட்ஸோட படுக்கிறான்னுதான் நெனப்பு. அப்பா தடைக்காலத்துல கேரளா பக்கம் போட்டுக்கு போயிட்டாரு. ரெண்டு அடி தூரத்துல தினம் கடந்து போறவங்களுக்குத்தான் கால்ல இருக்குற கீறல் தெரியும். குழுவுல யார் இருக்கணும்னு பட்டியல் போடுறவங்க பதவியப் பார்த்துப் போடுறாங்க, யாரு எத்தனை மணிக்கு எந்த வழியா நடக்குறாங்கன்னு யாரும் பாக்குறதில்ல. பசங்க பிரதிநிதி ரெண்டு பேர் விஷயமும் அப்படித்தான், எல்லா ஊர்லயும் கிளாஸ் பர்ஸ்ட் வர்ற பையனையும் பொண்ணையும் உக்கார வச்சிருப்பாங்க, அதுங்க ராத்திரி 9 மணிக்கு தூங்குற புள்ளைங்க, அதுங்களுக்கு என்ன தெரியும். பின்னாடி ஒரு ஊர்ல கேரம் போர்டு கிட்டயே கெடக்குற ஒருத்தனைப் போட வச்சேன், அதுக்கே எச்எம் ஒரு வாரம் என்கூட பேசல.

சரி, அந்த ஊருக்கு வர்றேன். 3 மாசம் எல்லாம் காத்திருக்க முடியாதுன்னு அந்த வாரமே அவசரக் கூட்டம் போட்டோம், இந்த தடவை 9 பேர் நெசமாவே வந்தாங்க. பேர் சொல்லாமத்தான் ஆரம்பிச்சேன், 5 நிமிஷத்துல எல்லாருக்கும் யார்னு தெரிஞ்சுபோச்சு, சின்ன ஊரு. ஊர்க்கமிட்டியில இருக்குற ஒருத்தர் உடனே, ஊரக் கூட்டுவோம், பத்தாயிரம் அபராதம், மைக்ல பேரு படிப்போம், அப்பத்தான் அடுத்தவன் பயப்படுவான்னாரு. ரெண்டு மூணு பேர் தலையாட்டுனாங்க. எனக்கு இதுல கோவம் வரல, ஏன்னா கடற்கரை ஊர்கள்ல ஊர்க்கமிட்டி இல்லன்னா தொழிலே நடக்காது, எந்த வலை போடலாம், யாரு எப்ப போகலாம், சண்டை வந்தா யாரு பேசுறது எல்லாம் அவங்கதான். அபராதம் போட்டு ஊரை நடத்திப் பழகுன கை அது. ஆனா இந்த குழுவுக்கு தண்டிக்கிற அதிகாரமே கிடையாதுங்குறத அவங்களுக்கு புரிய வைக்கிறதுதான் என் வேலையில பாதி. தண்டிக்க முடியாதுன்னா பின்ன என்னாத்துக்கு இந்த குழுன்னு நேராவே கேட்டாரு.

அதுக்கு பதில் நான் சொல்லல, எச்எம் சொன்னாரு. "மைக்ல பேர் படிச்சிட்டீங்கன்னா நாளைக்கு காலையில அந்தப் பையனுக்கு இந்த ஊர்ல பேச மிஞ்சுற ஒரே ஆளு அந்த சாக்கக் குடுத்தவன்தான். அவன்கிட்டயே அனுப்பிட்டு வாங்க." அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேன் சத்தம் மட்டும்தான்.

நான் பையில வச்சிருந்த சட்டத்தைப் படிச்சேன். 2015 இளைஞர் நீதிச் சட்டம், 18 வயசுக்கு கீழ இருந்தா லாக்கப்புல வைக்கக்கூடாது, வெலங்கு போடக்கூடாது, 24 மணி நேரத்துல ஜேஜே போர்டு, அதாவது இளைஞர் நீதிக் குழுமம் முன்னாடி நிறுத்தணும். இதெல்லாம் சொன்னப்ப ஒருத்தர் கொட்டாவி விட்டாரு. பிறகு 83ஆவது பிரிவுக்கு வந்தேன், சட்டவிரோத வேலைக்கு குழந்தைகள பயன்படுத்துற பெரியவங்களுக்கு 7 வருஷம் வரை கடுங்காவல், 5 லட்சம் அபராதம். 78, போதைப்பொருளத் தூக்க வச்சா அதுக்கும் 7 வருஷம் வரை. இதைப் படிச்சதும் பின்வரிசையில ஒருத்தர் போன் வருதுன்னு எந்திரிச்சு வெளிய போனாரு, திரும்ப வரல. போன் ரிங் அடிச்ச மாதிரியும் எனக்கு கேக்கல. அந்த அக்கா என்னப் பார்த்தாங்க, நான் நோட்டப் பார்த்தேன்.

பையன்கிட்ட யாரு பேசுறதுன்னு அடுத்த கேள்வி. நான் போனா ஆபீஸர் வந்திருக்காருன்னு தெருவே கூடிரும். போலீஸ்ல குழந்தை நல அலுவலர்னு ஒருத்தர் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இருக்காங்க, யூனிபார்ம் போடாமத்தான் பசங்ககிட்ட பேசணும்னு விதி, ஆனா யூனிபார்ம் இல்லாட்டியும் அந்த மீசையும் புல்லட்டும் ஊருக்கே தெரியும். கடைசியில தாய்மாமன் போனாரு, நாட்டுப்படகு வச்சிருக்கவர், தடைக்காலம் அவுகளுக்கு கிடையாது. ரெண்டு நாள் நண்டு வலை எடுக்க கூட்டிட்டுப் போயி ஒன்னுமே கேக்கலையாம், மூணாவது நாள் பய தானா சொல்லியிருக்கான். போன் வாங்கவோ பைக்குக்கோ இல்ல. அம்மா ஒரு மைக்ரோ பைனான்ஸ்ல கடன் எடுத்து வாரத்தவணை கட்டிக்கிட்டு இருக்காங்க, வியாழக்கிழமை காலையில தவணை கேட்டு ஆளு வந்து திண்ணையில உக்காந்துருவாரு, தெருவே பாக்கும். ஒரு நடை தூக்குனா அந்த வாரத் தவணை முடிஞ்சுது. மிச்ச 120 ரூவாய்ல புரோட்டா சாப்பிட்டோம்னு அதையும் சேர்த்து சொல்லியிருக்கான், கணக்குல பெயிலான பய கணக்கு சரியா வச்சிருந்தான்.

பையனைத் திருத்துறதுன்னு கூடுன குழு அடுத்த ரெண்டு மீட்டிங்கும் வட்டிக் கணக்குதான் பேசுச்சு. மீதி நின்னது 18,000. மகளிர் குழு உள்கடன் குடுத்து அதை மொத்தமா அடைச்சாங்க, திருப்பிக் கட்ட மாசத்தவணை, அதுவும் ஜூன் 15 போட் கடலுக்கு போன பிறகு ஆரம்பிச்சா போதும்னு அந்த அக்காதான் நின்னு பேசி வாங்கிக் குடுத்தாங்க. ஜூன் கடைசியில துணைத்தேர்வு, எச்எம் சாயங்காலம் சமுதாயக் கூடத்துல கணக்கு எடுத்தாரு, இவன் தனியா வந்தா கண்ணு உறுத்தும்னு பெயிலான இன்னும் 5 பேரைச் சேர்த்துக்கிட்டாரு. பந்தல்ல கூடப் படுத்த மத்த பயலுவள்ல ஒருத்தன் அந்த அஞ்சு பேர்ல இருந்தான், இன்னொருத்தன் திருப்பூர் போயிட்டான். சாக்கு குடுத்தவனைப் பத்தி மேல எழுதி அனுப்பினேன், அதுல என்ன ஆச்சுங்குறத இங்க எழுத முடியாது, எழுதுற அளவுக்கு ஒன்னும் ஆகவும் இல்ல.

எல்லா இடத்துலயும் இப்படி அமையாது. வடகடல் பக்கம் ஒரு ஊர்ல குழு நல்லாத்தான் கூடும், தீர்மானம் எல்லாம் அழகான கையெழுத்துல இருக்கும். அங்க ஒரு 15 வயசுப் பையன் படகுல இருந்த இன்ஜின் பார்ட்ஸ கழட்டி வித்துட்டான்னு புடிச்சாங்க, புடிச்ச அன்னிக்கே குழு உறுப்பினர் ஒருத்தரே போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டாரு. குழந்தையோட அடையாளத்தை வெளியிட்டா 6 மாசம் வரை ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் குடுக்கலாம், 74ஆவது பிரிவு. அதை நான் அவருகிட்ட சொன்னப்ப "ஊருக்கு எச்சரிக்கைதானே சார்"ன்னாரு, நல்ல மனுஷன், வேணும்னு செய்யல. பையன் கொஞ்ச நாள் கூர்நோக்கு இல்லத்துல, அதாவது கேஸ்ல மாட்டுன சின்னப் பசங்கள வைக்கிற இடத்துல இருந்துட்டு வந்தான். சட்டப்படி அவன் ரெக்கார்டையே பின்னாடி அழிச்சிரலாம், வேலைக்கு எங்கயும் அது குறுக்க வரக்கூடாது. ஆனா அந்த போட்டோ 200 போன்ல கிடக்கு. டீக்கடையில அவனுக்கு "கூர்நோக்கு"ன்னே பேரு வச்சிட்டாங்க. நான் 4 தடவை அவன் வீட்டுக்குப் போனேன், நாலாவது தடவை உள்ள இருந்துக்கிட்டே இல்லன்னு சொல்லச் சொன்னான், பாட்டி அதையே அப்படியே வந்து சொன்னாங்க, "உள்ள இருந்து இல்லன்னு சொல்லச் சொல்றான் தம்பி"ன்னு. அதுக்கப்புறம் நான் போகல. போயிருக்கணும்னு இப்ப தோணுது.

வேலைய விட்டு ஒரு 2 மாசம் இருக்கும், உச்சிப்புளி பஸ் ஸ்டாப்புல நின்னேன். தென்கடல் ஊர் பையன் நின்னான், மீசை வந்திருச்சு, சட்டைப்பை மேல ஐடிஐ ஐடி கார்டு தொங்குச்சு, நகத்துல கிரீஸ். என்னப் பார்த்தான், நான் பார்த்ததையும் பார்த்தான். கூட இருந்த பசங்க ஏதோ கேட்டாங்க, "தெரியலடா, யாரோ"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. ராமநாதபுரம் பஸ் வந்துச்சு, புட்போர்டுல நிக்காம உள்ள போயி ஜன்னலோரமா உக்காந்தான். நான் மண்டபம் பஸ்ஸுக்கு காத்துக்கிட்டு இருந்தேன்.