மார்புக்கு மேலே மட்டும் வேர்க்கிறது

ஏப்ரல் 9

இரவு இரண்டேகால் மணிக்கு விழிப்பு வந்தபோது தலையணை உறையைப் பிழிந்தால் நீர் சொட்டும்போல இருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் தோள்களிலும் வேர்வை வழிந்துகொண்டிருக்க, மார்பின் மீது உள்ளங்கையை வைத்து மெல்லக் கீழே இறக்கினேன். முலைக்காம்பின் மட்டத்தோடு ஈரம் முடிந்து, அதற்குக் கீழே தோல் உலர்ந்து சில்லென்றிருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் வீட்டுத் தென்னையிலிருந்து விழுந்து, நான்காம் மார்பு முள்ளெலும்பின் அருகே தண்டுவடம் நசுங்கியது முதல் என் உடம்பில் இருக்கும் கோடு அதுதான்.

இந்த வாரத்தில் இது நான்காவது இரவு. மனைவி தோர்த்தால் துடைத்து விரிப்பை மாற்றினாள். "பனி விடுறதாக்கும் மக்களே" என்றார் அம்மா. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் பனி என்றால் காய்ச்சல். வெப்பமானி 36.4 காட்டியது, அந்தப் பனியும் இல்லை, இந்தப் பனியும் இல்லை.

ஏப்ரல் 12

உறவினர் திருமணத்துக்கு நண்பகலில் வேனில் போய்வந்தோம். வீடு திரும்பியதும் உடம்பு 38.5 பாகை. ஈரத் துணியால் கழுத்தையும் கைகளையும் நனைத்து, செடிக்குத் தெளிக்கும் குப்பியால் மேலெல்லாம் நீர் தூவி, மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் இருந்தபின் 37.2க்கு இறங்கியது.

சூட்டைக் கணக்கிடும் இடம் மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ். வேர்வைச் சுரப்பிகளுக்கும் தோலின் இரத்தக் குழாய்களுக்கும் அதன் கட்டளையைக் கொண்டுசெல்லும் பரிவு நரம்புகள், முதல் மார்பு முள்ளெலும்புக்கும் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில்தான் தண்டுவடத்திலிருந்து வெளியேறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எனக்குக் காயத்துக்குக் கீழே போய்விட்டன. ஆகவே வெயிலில் இருந்தால் முகமும் கழுத்தும் தோளும் மட்டுமே முழு உடம்புக்காகவும் வேர்த்தாக வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் அந்த வேர்வையும் எளிதில் உலர்வதில்லை.

சென்ற ஆண்டு இதேபோல் வெயிலில் உடம்பு சுட்டபோது, ஒரு மருத்துவமனையில் நான் சொன்னதைக் கேட்காமல் மூன்று நாள் படுக்கவைத்து நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றினார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் பின்னர் எந்தக் கிருமியும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏப்ரல் 15

புழுக்கம்தான் இரவு வேர்வைக்கும் காரணம் என்று நினைத்திருந்தேன். நேற்று இரவு மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் நிற்கவில்லை. அதோடு பின்தலை விண்ணென்று தெறித்தது, கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. இரத்த அழுத்தம் பார்த்தால் 146/90. வழக்கமாக எனக்கு 100/60தான் இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு மேல் அளவு வழக்கத்தைவிட இருபது, நாற்பது ஏறினாலே ஆபத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது.

மனைவி என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, இடுப்புக் கட்டைத் தளர்த்தினாள். குழாய் செருகிச் சிறுநீரை இறக்கினேன்: 750 மில்லி. பத்து நிமிடத்தில் தலைவலி விட்டது, வேர்வையும் நின்றது.

நிரம்பிய சிறுநீர்ப்பையின் உறுத்தல் எனக்குத் தெரிவதில்லை. ஆனால் அது தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பரிவு நரம்புகள் கிளர்ந்து இரத்தக் குழாய்களை இறுக்க, அழுத்தம் ஏறுகிறது. அதைத் தணிக்க மூளை அனுப்பும் சொல் காயத்தைத் தாண்டி இறங்காததால், கோட்டுக்கு மேலே முகம் சிவந்து வேர்க்கிறது. கவனிக்காமல் விட்டால் மூளையில் இரத்தம் கசியும் அளவுக்கும் போகலாம். நான்கு இரவுகள் விரிப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தோமே என்று இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

ஏப்ரல் 23

ஒரு வாரமாகக் குடித்ததையும் இறக்கியதையும் நேரத்தோடு குறித்து வந்தேன். இரவு பத்து மணிக்குப் பையைக் காலிசெய்துவிட்டுத்தானே படுக்கிறேன், நான்கு மணி நேரத்தில் 700 மில்லி எங்கிருந்து வருகிறது?

ஒரு காரணம் நாக்குக்குத் தெரிந்ததுதான். பனையேற்றுக் காலம் என்பதால் பக்கத்து வீட்டு அண்ணன் கொண்டுவரும் அக்கானியை, அதாவது பதநீரை, மாலையில் இரண்டு டம்ளர் குடித்துக்கொண்டிருந்தேன். மற்றொன்று என் கால்களில் இருந்தது. பகல் முழுவதும் சக்கர நாற்காலியில் தொங்கும் கால்களில் நீர் கோத்து, மாலைக்குள் கணுக்கால் வீங்கிவிடும். படுத்ததும் அந்த நீர் இரத்தத்தில் திரும்பி, சிறுநீரகம் அதை இரவோடு இரவாக இறக்குகிறது. குறிப்பேட்டைப் பார்த்த மருத்துவரும் இதையே சொன்னார். பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுக்க வேண்டும், அக்கானியைக் காலைக்கு மாற்ற வேண்டும், இரவு ஒரு மணிக்கு மணி வைத்து எழுந்து ஒரு முறை குழாய் செருக வேண்டும். எந்நேரமும் 500 மில்லியைத் தாண்ட விடக்கூடாது.

மே 6

பத்து இரவுகள் உலர்ந்த தலையணை. நள்ளிரவு மணியோசைதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 8

இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. மார்த்தாண்டத்திலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் சாரலடித்து இடுப்புக்குக் கீழே முழுவதும் நனைந்தது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டில் வெப்பமானி 35.1 காட்டியபிறகுதான் வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்காது. சுடுநீர்ப் பையைக் காலில் வைக்க அம்மா எடுத்து வந்தார்; உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது என்று தடுத்து, உலர்ந்த போர்வைகளைச் சுற்றி, சூடான சுக்குக் காப்பி குடித்தேன்.

ஜூன் 20

மீண்டும் இரண்டு இரவுகள் வேர்த்தது. சிறுநீர் 250 மில்லிதான், மலச்சிக்கலும் இல்லை, புட்டத்தில் புண்ணும் இல்லை. கடைசியில் மனைவி விளக்கைக் காலருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது, இடது பெருவிரலில் நகம் சதைக்குள் வளர்ந்து ஓரம் சிவந்து சீழ் கட்டியிருந்தது. எனக்குச் சிறிதும் வலிக்காத அந்த விரல்தான் இரண்டு இரவுகளாக என் நெற்றியில் வேர்த்திருக்கிறது!

ஜூன் 24

நகத்தின் ஓரத்தை வெட்டிக் கட்டுப் போட்டபின் வேர்வை குறைந்துவிட்டது. மருத்துவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்: வேர்வை ஒரு பக்கமாக மட்டும் வரத் தொடங்கினாலோ, உணர்வில்லாத எல்லை மேலே ஏறினாலோ உடனே வர வேண்டும், அடிபட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உண்டாகிப் பெருகுவதுண்டு, எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். அதனால் இரவில் விழித்ததும் மனைவியைக் கூப்பிடுவதற்கு முன் கையை மார்பின் இரு பக்கமும் வைத்து இறக்கிப் பார்க்கிறேன். நேற்றும் ஈரம் இரு பக்கமும் பழைய இடத்தில்தான் முடிந்தது.